கவுண்டரை அடைக்கும் புது வித்தை
(நமது நிருபர்)

மும்பை: தீபாவளிக்கு ஊர் போக டிக்கெட் எடுக்க செல்போனை எடுக்கிறோம். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "கூட்டம் அதிகம் போலிருக்கிறது" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அதுவே காரணம். ஆனால் உண்மையான கூட்டம் இல்லாமலும் கவுண்டரை அடைத்துவிடலாம் என்பதை 2023-ம் ஆண்டு உலகம் கண்டது.

பெரிய இணையத் தளங்கள் பலவும் நம்முடன் நேரில் பேசுவதில்லை. முன்னால் 'பிராக்ஸி சர்வர்' என்ற இடையாள் இருக்கிறார். நாம் கேட்பதை வாங்கி உள்ளே அனுப்பி, பதிலை நம்மிடம் தருவது அவர் வேலை. என்ஜின்எக்ஸ், என்வாய், வார்னிஷ் முதலியவை இந்த வேலைக்கான மென்பொருள்கள். புக்கிங் கிளார்க்கைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளார்க் மயங்கி விழுந்தால், ரயிலில் இடம் இருந்தும் ஒரு டிக்கெட்கூட வெளியே வராது. இப்படி வேலை நடக்கவிடாமல் செய்வதற்கே 'சேவை மறுப்புத் தாக்குதல்' என்று பெயர். இதில் பணமோ தகவலோ திருடு போக வேண்டியதில்லை.

நொடிக்கு 39 கோடி

கூகுள், கிளவுட்ஃபிளேர், அமேசான் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2023 அக்டோபர் 10-ம் தேதி ஒரே நேரத்தில் ஒரு செய்தியை வெளியிட்டன. ஆகஸ்டு முதல் தங்கள் மீது இதுவரை காணாத தாக்குதல் நடக்கிறது என்பதே அது. கூகுளுக்கு ஒரு நொடியில் வந்த கோரிக்கைகள் 39 கோடியே 80 லட்சம். முந்தைய ஆண்டில் அது சந்தித்த பெரிய தாக்குதலைப் போல எட்டு மடங்குக்கும் மேல். கிளவுட்ஃபிளேருக்கு 20 கோடியே 10 லட்சம். இதற்குப் பயன்பட்டவை சுமார் 20 ஆயிரம் கம்ப்யூட்டர்களே என்பது கவனிக்கத் தக்கது.

இவ்வளவு குறைந்த ஆட்களால் எப்படி முடிந்தது? 2015-ல் வந்த ஹெச்.டி.டி.பி.-2 என்ற இணைய விதிமுறையில் இருந்த ஓட்டைதான் காரணம்.

கவுண்டரில் ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருடைய பாரம் ஒரே நேரத்தில் ஆறுக்கு மேல் மேஜையில் இருக்கக் கூடாது. ஒரு ஆசாமி ஆறு பாரம் நீட்டுகிறார். கிளார்க் பேனாவை எடுத்ததும் "வேண்டாம், ரத்து" என்கிறார். உடனே அடுத்த ஆறு. மறுபடியும் ரத்து. மேஜையில் ஒருபோதும் ஆறுக்கு மேல் இல்லை. விதி மீறப்படவில்லை. ஆனால் கிளார்க் எழுதியதும் அடித்ததும் யார் கணக்கில்? வரிசையில் நிற்பவர்களுக்கு அன்று டிக்கெட் கிடையாது.

மீண்டும் ஓட்டை

மென்பொருள் எழுதுவோர் விழித்துக்கொண்டனர். ஒருவர் எத்தனை முறை ரத்து செய்கிறார் என்று எண்ணி, அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்க ஏற்பாடு செய்தனர்.

2025 ஆகஸ்டில் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடுத்த ஓட்டையைக் காட்டினர். பாரத்தைக் கொடுத்து, அது உள்ளே போனதும் வேண்டுமென்றே ஒரு தவறு செய்தால், கிளார்க்கே ரத்து செய்துவிடுகிறார். ஆசாமி பெயரில் ரத்துக் கணக்கு ஏறாது. உள்ளேயோ வேலை ஓடிக்கொண்டே இருக்கும். வார்னிஷ் உள்ளிட்ட பல மென்பொருள்களுக்குத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

இரண்டு முறையும் பிழை ஒன்றே. மேஜையில் உள்ள பாரத்தை எண்ணினார்கள். கிளார்க் பட்ட பாட்டை எண்ணவில்லை.

யாருக்கு நஷ்டம்?

கூகுள் போன்ற பெரிய நிறுவனங்கள் தாக்குதலைத் தாங்கிக்கொண்டன. கூட்டுறவு வங்கியும் சிறிய அலுவலகமும் தாங்குமா? திருத்தம் வெளிவந்தால் மட்டும் போதாது. அதை ஏற்றவும் வேண்டும். பழைய மென்பொருளை அப்படியே வைத்திருக்கும் இடத்தில் ஓட்டையும் அப்படியே இருக்கும்.

நஷ்டம் கடைசி ஆளுக்குத்தான். தாராவிப் பட்டறையில் கூலி வாங்கி, ஞாயிறு காலை ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கு செல்போனே கவுண்டர். அது அடைபட்டால், ஊரில் மருந்துக்குக் காத்திருக்கும் தாய்க்கு யார் பதில் சொல்வது?

இத்தகைய தாக்குதல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவிட்டது. வரவேற்கத் தக்கதே. ஆனால் அது அரசுக்குத் தெரிவிப்பது. வரிசையில் நிற்பவனுக்கும் "கவுண்டர் பழுது, இன்ன நேரத்தில் திறக்கும்" என்று ஒரு பலகையாவது மாட்ட வேண்டாமா? பொதுச் சேவை நடத்துவோர் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுவதோடு, ஆள் உட்காரும் ஜன்னல் ஒன்றையும் திறந்து வைத்திருக்க வேண்டும். செய்வார்களா?