இலவச டிவிக்குள் ஒரு கம்ப்யூட்டர் மானிட்டர்

வல்லக்கோட்டையில் இருந்து ஒரகடம் போகிற வழியில் காயலான் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. போன மாதம் ஒரு கடையில் 14 இன்ச் கலர் டிவிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். 2006 தேர்தலில் திமுக வாக்குறுதி கொடுத்து, 2011 வரை வீடு வீடாக வந்த அதே இலவச டிவிகள். ஒரு அண்ணன் டியூபின் கழுத்தைச் சுத்தியலால் உடைத்து, செம்புச் சுருளை மட்டும் உருவிக்கொண்டிருந்தார். ஈயம் கலந்த கண்ணாடி ஓரத்தில் குவிந்து கிடந்தது.

உடையாத ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அம்மா விட்ட திட்டு தனிக்கதை :)

எதுக்கு என்கிறீர்களா? சித்தப்பாவிடம் மானிட்டர் செத்துப்போன ஒரு பிபிசி மைக்ரோ இருக்கிறது. 1981ல் இங்கிலாந்தின் ஏக்கார்ன் கம்பெனி கொண்டுவந்தது. 1984ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்ததும் இதுதான். அது நொடிக்கு 15,625 கோடு வரையும். விஜிஏ மானிட்டர் எதிர்பார்ப்பது சுமார் 31,500. அதனால் பெரும்பாலான எல்சிடிகளில் நேராகச் சொருகினால் படம் வராது. ஆனால் நம்ம ஊர் டிவிக்கும் அதே 15,625 கணக்குதான்!

ஏரியல் வழியாகக் கொடுத்தால் எழுத்தெல்லாம் மழையில் நனைந்த கோலம் மாதிரி கலங்கும். ஆனால் வால்யூம் கூட்டும்போது வரும் பச்சைக்கோடு மட்டும் எப்படிப் பளிச்சென்று தெரிகிறது, கவனித்திருக்கிறீர்களா? அது சேனலோடு கலந்து வருவதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக வீடியோ ஐசிக்குள் நுழைகிறது. சித்தப்பா அந்த வாசலிலேயே கம்ப்யூட்டரையும் உள்ளே விட்டார். கம்ப்யூட்டர் தருவது ஐந்து வோல்ட் கணக்கு, டிவி கேட்பது 0.7, ரெசிஸ்டர் போட்டு இறக்கினார். சுவிட்சைத் திருப்பினால் பழையபடி டிவி.

(நீங்களாகத் திறந்துவிடாதீர்கள். டியூபுக்குப் போவது இருபதாயிரம் வோல்ட்டுக்குக் குறையாது, அணைத்த பிறகும் தங்கியிருக்கும். சில செட்டுகளில் சேஸிஸே மெயின்ஸோடு தொடர்பில் இருக்கும். சித்தப்பா முப்பது வருட மெக்கானிக்.)

40 எழுத்து வரி கண்ணாடி மாதிரி தெரிகிறது. 80 எழுத்து வரி கண்ணைப் படுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கன்வர்ட்டர் வாங்கி எல்சிடியில் போட்டால் முடிந்ததே என்கிறான் என் கிளாஸ்மேட். முடியும்தான். சிலர் பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நல்ல டியூபையே கழற்றி எறிந்துவிட்டு எல்சிடி பொருத்துகிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. கன்வர்ட்டர் நாளைக்கும் கிடைக்கும், டியூப் கிடைக்காது. எங்கள் அக்கவுண்ட்ஸ் பாடத்தில் ரிட்டன் டவுன் வேல்யூ முறையில் தேய்மானம் போட்டால் எத்தனை வருடம் ஆனாலும் சொத்தின் மதிப்பு பூஜ்யம் ஆகாது. காயலான் கடையிலோ செம்பு போக மிச்சமெல்லாம் பூஜ்யம். அந்தக் கணக்கை மாற்ற, டியூபுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று யாராவது காட்ட வேண்டும்.

இன்னும் இரண்டு செட்டை உடைக்காமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வரைதான் டைம் கொடுத்திருக்கிறார்.