ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு எந்தப் பட்டப்படிப்பு?

பிள்ளை உயர்தர வகுப்பை எட்டியதும் எமது வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: மருத்துவமா, பொறியியலா, கணக்கியலா? "நான் ஆசிரியராக வர விரும்புகிறேன்" என்று பிள்ளை சொன்னால் வீடு மௌனமாகிவிடுகிறது. "முதலில் ஏதாவது ஒரு பட்டத்தை எடு, பிறகு பார்க்கலாம்" என்று அவ்விருப்பத்தை ஒத்திப்போடுகிறோம். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்று வந்தவரை வீதியிற் கண்டால் சைக்கிளை விட்டிறங்கி வழிவிட்ட சமூகம் நாம். இலண்டனுக்கு வந்தபின் அதே தொழிலை எமது பிள்ளைக்குக் குறைவானதென எண்ணுவது முறையாகுமா?

"ஏதாவது ஒரு பட்டம்" என்னும் அறிவுரை தவறானது என்பதே எமது கருத்து. இங்கிலாந்தில் அரசாங்கப் பாடசாலையிற் கற்பிப்பதற்கு வழமையாகக் கியூ.ரி.எஸ். என்னும் ஆசிரியத் தகைமை வேண்டும். பல்கலைக்கழகத்தினூடாக அதனைப் பெற இரு வழிகள் உள. பட்டமும் பயிற்சியும் இணைந்த மூன்று அல்லது நான்கு ஆண்டுப் படிப்பு ஒன்று. இது பெரும்பாலும் ஆரம்பப் பாடசாலைக்குரியது. ஒரு பாடத்திற் பட்டம் பெற்றபின் ஓராண்டு பி.ஜி.சி.ஈ. பயில்வது மற்றையது. இடைநிலைப் பாடசாலையை நாடுவோர் பெரும்பாலும் இவ்வழியே செல்கின்றனர். கற்பிக்க விரும்பும் பாடத்தோடு அவர்களது பட்டம் தொடர்புற்றிருத்தல் பெரிதும் உதவும். கணித ஆசிரியராக விரும்பும் பிள்ளையை வணிக முகாமைத்துவம் படிக்க அனுப்பினால், பின்னர் அக்கதவைத் திறப்பது எளிதன்று.

சிறுவர்களோடு பணியாற்றுவதில் உறுதிகொண்ட பிள்ளை முதலாவது வழியைத் தயங்காது தெரிவு செய்யலாம். உறுதி இன்னும் பிறவாத பிள்ளைக்கு இரண்டாவது வழியே மேலானது. மனம் மாறினாலும் பாடப்பட்டம் கையில் இருக்கும். எவ்வழியாயினும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தது 4ஆம் தரம் வேண்டும். ஆரம்பப் பாடசாலைக்கு விஞ்ஞானத்திலும் அத்தரம் தேவை. ஆகவே ஆயத்தம் பதினைந்து, பதினாறு வயதிலேயே தொடங்குகிறது.

இத்தொழிலில் வேலைப்பளு அதிகம் என்பதையும், சில ஆண்டுகளில் விலகிச் செல்வோர் உளர் என்பதையும் நாம் மறைக்கவில்லை. தகைமை பெற்றபின்னும் புதிய ஆசிரியருக்கு இரண்டாண்டு வழிகாட்டலை 2021 முதல் விதித்திருப்பதும் இது எளிய பணியன்று என்பதனாலேயே. எனவே விருப்பத்தை முன்னரே சோதித்துப் பார்த்தல் நன்று. அதற்கான களம் எமது சனிக்கிழமை வகுப்பறையிலேயே உண்டு. மேல்வகுப்பு மாணவரே, பாலர் வகுப்பிற்கு ஒரு தவணை உதவி செய்து பாருங்கள். "அ" எழுதத் தெரியாதிருந்த சிறுமி அதனை எழுதி முடித்து உங்களை நிமிர்ந்து பார்க்கும்போது உங்கள் மனம் மகிழ்ந்தால், விடை கிடைத்துவிட்டது.

பெற்றோரே, இப்பள்ளியில் கற்பிக்கும் எம்மிற் பலருக்குத் தலை நரைத்துவிட்டது. இந்நாட்டின் கல்விமுறையில் முறையாகப் பயிற்சி பெற்ற இளையோர் நாளை இவ்வகுப்பறைகளுக்கும் தேவை. ஆசிரியராக விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். எந்தப் பட்டம் எந்த வகுப்பறைக்கு இட்டுச்செல்லும் என்பதை அப்பிள்ளையுடன் அமர்ந்து ஆராயுங்கள். இதுவே எமது வேண்டுகோள்.