255 என்கிற மந்திரம்

திருகோணமலையில் பழைய கார் வைத்திருக்கும் பொடியன்களிடம் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது: பெரிய பெற்றோல் பம்ப் போட்டால் கார் பறக்கும். எஞ்சின் என்னவோ தொண்ணூறுகளில் வந்த அதே 1500 சிசி ஹொண்டா சிவிக்; சைலன்சர் மட்டும் புதிது. ஆனாலும் தாங்கிக்குள் மணிக்கு 255 லீற்றர் தள்ளும் வால்ப்ரோ பம்ப் இருந்தால்தான் நிலாவெளி வீதியில் மரியாதை.

சுத்தப் பேய்க்கதை. பம்பின் வேலை பெற்றோலை எஞ்சின் வாசல்வரை கொண்டுபோய்க் கொடுப்பது. உள்ளே எவ்வளவு போகிறது என்பது இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெக்கன் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கணக்கும் கடினமில்லை. டேர்போ இல்லாத எஞ்சினுக்கு ஒரு குதிரைவலுவுக்கு மணிக்குச் சுமார் கால் கிலோ பெற்றோல். 130 குதிரைவலுவென்றால் 32 கிலோ, அதாவது 44 லீற்றர். அதுவும் மிதியை அடிவரை அழுத்தினால்தான். மிச்சம் இருநூறு சொச்சம் லீற்றரும் சூடேறித் தாங்கிக்கே திரும்பி வருகிறது. திரும்பும் குழாய் ஒடுங்கலானால் அமுக்கம் ஏறி, கார் கறுப்புப் புகை கக்கும்.

எங்கள் ஊர்ச் சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் அதே ஊரில்தான் பெற்றோல் செட் வரிசையில் வெந்து, கியூஆர் காட்டி, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கினோம். பெரிய சாமானைப் பார்த்து ஏமாறக் கூடாதென்று எங்களுக்குமா சொல்லித்தர வேண்டும்?

டேர்போ ஏற்றி, இன்ஜெக்டரையும் மாற்றி, 300 குதிரைவலு எடுக்கிறவன் பெரிய பம்ப் போடட்டும். அவனுக்கு மணிக்கு 120 லீற்றர் வேண்டும். கையிருப்பாக இன்னொரு ஐந்திலொரு பங்கு. அவனும் பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பக் கூடாது. அமுக்கம் ஏற ஏற பம்ப் தள்ளுவது குறையும், வோல்ற்றேஜ் இறங்கினாலும் குறையும். தன்னுடைய அமுக்கத்தில், தன்னுடைய வோல்ற்றில் எவ்வளவு வருமென்று பம்பின் வரைபடத்தில் பார்க்க வேண்டும். அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிய ஒருவனையும் நான் இன்னும் காணவில்லை.

போன வருடம் நண்பன் ஒருவனின் சிவிக் ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால் இழுக்காமல் திக்கியது. “பம்ப் போச்சுது, 255 ஒண்டு போடுங்கோ அண்ணை” என்றது கராஜ். அவனும் வாங்கிவிட்டான். பூட்டுவதற்கு முன் பின்சீற்றைத் தூக்கி, பம்புக்குப் போகும் பிளக்கில் மீற்றரை வைத்துப் பார்த்தோம். பற்றரியில் 13.8 வோல்ற், பிளக்கில் 11.2. முப்பது வருடத்து வயர், உப்புக்காற்றில் பச்சை பூத்த ஏர்த். கடற்கரை ஊரில் இதைத்தானே முதலில் பார்த்திருக்க வேண்டும்? அந்த வயரில் கூடுதல் கரண்ட் இழுக்கும் பெரிய பம்பைப் பூட்டியிருந்தால், வோல்ற் இன்னும் விழுந்து வயர்தான் கருகியிருக்கும். ஏர்த்தைச் சுரண்டித் துடைத்து, பற்றரியிலிருந்து தடித்த வயர் ஒன்று இழுத்து, ஒரு ரிலே போட்டோம். பில்டரையும் மாற்றினோம். கார் திக்கல் இல்லாமல் ஏழாயிரம் வரை ஏறியது, பழைய பம்போடு.

புதியது பெட்டி பிரிக்காமல் அவன் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. உவர்மலைப் பொடியன் ஒருவன் இரண்டு தரம் வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.