ப்ளக் சொருகினால் தானே செட் ஆகும் சுவிட்ச்: கிராமத்து இன்டர்நெட்டுக்கு வரமா, வம்பா?

குறுவை அறுவடை நேரம். பேராவூரணி பக்கம் ஒரு ஊராட்சி அலுவலகத்தில், இடி விழுந்து நெட்வொர்க் சுவிட்ச் கருகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதுப் பெட்டி தஞ்சாவூரிலிருந்து அன்றைக்கே பஸ்ஸில் வந்துவிடும். அதை செட் செய்யத் தெரிந்த இன்ஜினியர் எப்போது வருவார்? அதுவரை அந்த இணைப்பை நம்பி நடக்கும் வேலை எல்லாம் நிற்கும். சான்றிதழ் கேட்டு வந்தவர் திரும்பிப் போகணும்.

பாரத்நெட் திட்டத்தில் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்துடையது. தஞ்சாவூர் மாவட்டத்தில் மட்டும் 589 ஊராட்சிகள். பெட்டி மாற்றும்போதெல்லாம் நிபுணரை அனுப்புவது கட்டுப்படியாகாது. இங்கேதான் ‘ஸீரோ டச் புரொவிஷனிங்’ கைகொடுக்கும்.

எப்படி வேலை செய்கிறது?

புது சுவிட்சில் எந்த அமைப்பும் இருக்காது. கரண்ட் வந்ததும் அது நெட்வொர்க்கில் குரல் கொடுக்கும். டிஎச்சிபி சர்வர் அதற்கு ஓர் ஐபி முகவரியும், எந்த சர்வரில் எந்த ஃபைலை எடுக்கணும் என்ற தகவலும் தரும். சீரியல் எண்ணை வைத்து, அந்த ஊருக்கான கான்ஃபிகரேஷன் இறங்கும். அவ்வளவுதான். கேபிளைச் சரியான இடத்தில் சொருகத் தெரிந்த ஊராட்சி ஊழியரே போதும்.

சிக்கல் எங்கே?

பதில் சொன்னது யார் என்று சுவிட்ச் கேட்பதில்லை. ஃபைலை இறக்கப் பல இடங்களில் பயன்படும் டிஎஃப்டிபி முறையில் பாஸ்வேர்டும் இல்லை, மறையாக்கமும் இல்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. புது சுவிட்சுகளைத் தானாக செட் செய்ய சிஸ்கோ கொடுத்த வசதி ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’. வேலை முடிந்த பிறகும் பலர் அதை அணைக்கவில்லை. 2018 ஏப்ரலில் அந்த வழியாகப் புகுந்தவர்கள் கான்ஃபிகரேஷனை அழித்து, அமெரிக்கக் கொடியை வரைந்துவிட்டுப் போனார்கள். ஈரான் அரசு சொன்ன கணக்குப்படி, உலகம் முழுக்க சுமார் 2 லட்சம் சுவிட்சுகள் பாதிப்பு. ஈரானில் மட்டும் 3,500.

என்ன செய்யலாம்?

தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. 2019-இல் வெளியான ஆர்எஃப்சி 8572 தரநிலைப்படி, சுவிட்ச் தொழிற்சாலையிலேயே ஒரு டிஜிட்டல் சான்றிதழோடு வரும். நம்பத்தக்க சர்வரிலிருந்து வந்த, அல்லது உரிமையாளர் கையெழுத்திட்ட கான்ஃபிகரேஷனை மட்டுமே ஏற்கும். செலவும் நிர்வாக வேலையும் கூடும் என்பது உண்மைதான். ஆனால், ஒரு மாவட்டமே ஒரே நாளில் முடங்கினால் ஆகும் செலவு அதைவிடப் பெரிது.

இன்னொன்று. கல்லணையில் நீர் பங்கீடு தப்பினால் கடைமடை வரை வயல் காயும். மைய சர்வரில் ஒரு வரி தப்பினாலும் 589 ஊர்களுக்கும் அதே தப்பு போய்ச் சேரும். அதனால் முதலில் பத்து ஊர்களில் ஓட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்பணும்.

அரசு நெட்வொர்க்குக்குப் பெட்டி வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் இரண்டு நிபந்தனைகள் கட்டாயம் இருக்க வேண்டும்: கையெழுத்தைச் சரிபார்க்காமல் கான்ஃபிகரேஷனை ஏற்கக் கூடாது, செட் ஆனதும் அந்தக் கதவு தானாக மூட வேண்டும். இன்ஜினியர் வராமலே கிராமத்துக்கு இணையம் வரட்டும், தாழ்ப்பாளோடு.