மாணவர் மலரை மாணவர்களே செய்யட்டும்



மத்திய ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமா படித்த சாதாரண எஞ்சினியர், எழுத்தாளன் அல்ல. ஆனாலும் பத்திரிகை நடத்துவதைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

கிங்ஸ் சர்க்கிளில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளும், ஞாயிற்றுக்கிழமை தமிழ் எழுத்துப் பழகுவதற்காகத் தாராவியிலிருந்து எங்களிடம் வரும் பிள்ளைகளும் சேர்ந்து சென்ற ஆண்டு ஒரு மாணவர் மலர் கொண்டு வந்தார்கள். 'கொண்டு வந்தார்கள்' என்று சொல்வதுகூடத் தவறு. கொண்டு வந்தவர்கள் பெரியவர்களாகிய நாங்கள். பெயர் மட்டும்தான் அவர்களுடையது.

மொத்தம் 24 பக்கம். அதில் முதல் ஆறு பக்கங்களை ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை என்று பெரியவர்களே நிரப்பிவிட்டோம். 'உழைப்பே உயர்வு' என்ற என் கட்டுரையும் அதில் ஒன்று. பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததை எல்லாம் உட்கார்ந்து திருத்தினோம். "அம்மா திட்டினாள்" என்று ஒரு சிறுமி எழுதியிருந்ததை "அன்னையார் கடிந்துரைத்தார்" என்று மாற்றிய புண்ணியவான் நானேதான். இருநூறு பிரதி அச்சிட்டோம். நாலு மாதம் கழித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வாங்கிப் போனவர்களும் தங்கள் பிள்ளையின் போட்டோ இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியிடம், "தாத்தா எழுதியது எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டேன். "சூப்பர் தாத்தா" என்றாள். மனம் குளிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். "எந்த இடம் பிடித்தது?" என்று கேட்டு வைத்தேன். திருதிருவென்று விழித்தாள். இரண்டாவது வரியோடு நிறுத்திவிட்டாளாம்!

எனக்குக் கோபம் வந்தது. தமிழ் படிக்க வராததால் நிறுத்திவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அதே மலரில் தாராவிப் பையன் ஒருவன் எழுதியதைக் கடைசி வரி வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். ஜூலை மழையில் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கி நின்றபோது, தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் வீடு போய்ச் சேர்ந்த கதை அது. திருநெல்வேலிப் பேச்சும் பம்பாய் இந்தியும் கலந்து அவன் சொன்னபடியே அச்சாகியிருந்தது. காரணம் எங்கள் பெருந்தன்மை அல்ல. அது கடைசி நாளில் வந்தது. திருத்த நேரம் இல்லை!

அன்று இரவு என் பழைய உத்தியோகம் நினைவுக்கு வந்தது. வண்டி ஓட்டிப் போகிற டிரைவர், ஓரிடத்தில் குலுக்கல் தெரிந்தால் அடுத்த ஸ்டேஷனில் சொல்லிவிடுவார். "லைன் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் பயனில்லை. எத்தனையாவது கிலோமீட்டர், எந்த இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவில் என்று சொல்ல வேண்டும். நாங்கள் கேங்மேன்களை அழைத்துக்கொண்டு அங்கே நடந்தே போவோம். மேலே பார்த்தால் எல்லாம் நேராகத்தான் இருக்கும். குனிந்து பார்த்தால்தான் ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இறங்கியிருப்பது தெரியும். லைன் போட்டவன் கண்ணுக்குத் தெரியாத பள்ளம், அதன் மேல் போகிறவன் உடம்புக்குத் தெரிந்துவிடும்.

வாசகர் கருத்து என்பதும் இதுதான். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் மரியாதைக்கு "சூப்பர்" என்பார்கள். "எந்த வரியில் நிறுத்தினாய்?" என்று கேட்டால்தான் நமக்குக் கிலோமீட்டர் எண் கிடைக்கும்.

இரண்டாவது இதழை இந்தக் கேள்வியை வைத்தே தொடங்கினோம். பொறுப்பு முழுவதையும் பிள்ளைகளிடம் விட்டோம். கூகிள் ஃபார்மில் மூன்றே கேள்விகள்: எதைக் கடைசி வரை படித்தாய்? எதில், எந்த வரியில் நிறுத்தினாய்? எழுதியவரிடம் என்ன கேட்க விரும்புகிறாய்? கையில் போன் இல்லாத பிள்ளைகளுக்கு முதல் இதழின் ஜெராக்ஸ் பிரதியும் ஒரு பென்சிலும் கொடுத்தோம். நிறுத்திய இடத்தில் ஒரு கோடு போட்டால் போதும். என் கட்டுரையில் பெரும்பாலான கோடுகள் முதல் பத்தியிலேயே விழுந்திருந்தன. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. பிரான்சு தேசத்தின் தெற்கே பார்-சூர்-லூ என்ற மலைக்கிராமத்தில் ஃப்ரெனே என்ற ஆசிரியர் 1920-களில் வகுப்பறைக்குள்ளேயே ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டு வந்து வைத்தார். பிள்ளைகள் தாங்கள் கண்டதை எழுதுவார்கள். எதை அச்சிடுவது என்று வகுப்பே கூடித் தேர்ந்தெடுக்கும். அவர்களே எழுத்துக் கோத்து அச்சிடுவார்கள். 1926-ல் அந்தத் தாள்கள் பிரிட்டனிப் பகுதியில் கடலோர ஊர்ப் பள்ளி ஒன்றுக்குப் போகத் தொடங்கின. மலைப் பிள்ளைகள் எழுதியதைக் கடலோரப் பிள்ளைகள் படித்தார்கள். பதிலுக்குத் தங்கள் ஊர்ச் சேதியை அச்சிட்டு அனுப்பினார்கள். தன் எழுத்துக்கு வேறோர் ஊரில் ஒரு வாசகன் காத்திருக்கிறான் என்று தெரிந்ததும், பிள்ளைக்கு எழுதுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

நம் நாட்டிலும் இதற்குக் குறைவில்லை. திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோதே மு. கருணாநிதி 'மாணவ நேசன்' என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். டில்லியில் 2003-ல் தெருவோரச் சிறுவர்களும் வேலைக்குப் போகும் சிறுவர்களும் தொடங்கிய பத்திரிகை 'பாலக்நாமா'. எழுதத் தெரியாத பிள்ளை வாயால் செய்தி சொல்லும். எழுதத் தெரிந்த பிள்ளை அதை எழுதிக்கொள்ளும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2022-ல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்' என்றும், ஆறு முதல் ஒன்பது வரை 'தேன்சிட்டு' என்றும் இதழ்கள் தொடங்கியது.

அந்த இதழ்களின் வாசகர்கள் பள்ளியிலேயே தமிழ் படிக்கிறவர்கள். நம் பிள்ளைகளின் நிலைமை வேறு. மாடுங்காவிலும் செம்பூரிலும் இங்கிலீஷ் மீடியம் படிக்கும் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், எழுத்துத் தெரியாது. மும்பை மாநகராட்சி இன்றும் தமிழ்வழிப் பள்ளிகள் நடத்துகிறது. அங்கே படிக்கும் தாராவிப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியும். ஆனால் அவர்கள் எழுதியதைப் படிக்க ஆளில்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு தமிழ், அந்தப் பக்கம் ஒரு தமிழ். நடந்தால் அரை மணி நேர தூரம்கூட இல்லை, இரண்டும் சந்திப்பதில்லை. இந்த இடத்தில்தான் புதிய கருவிகள் நமக்கு உண்மையாகவே உதவுகின்றன.

1990-களில் ஆண்டு மலர் டி.டி.பி. செய்த அன்பர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஒரு ஃபாண்டில் அடித்ததை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் கிறுக்கலாக வரும். தமிழ் விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கு வேண்டும் என்று சென்னையில் 1999-ல் மாநாடே நடந்தது. இன்று யூனிகோடு வந்த பிறகு, போனில் அடித்தது எங்கே திறந்தாலும் தமிழாகவே இருக்கிறது. முக்தா மலர், பாலூ தம்பி என்று அழகான தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை உருவாக்கிய 'ஏக் டைப்' நிறுவனம் இருப்பது நம் மும்பையில்தான்!

எழுதத் தெரியாத பிள்ளைக்குக் குரல்தட்டச்சு இருக்கிறது. கூகிள் 2017-ல் அதில் தமிழைச் சேர்த்தது. பிள்ளை பேசப் பேச எழுத்து விழுகிறது. ல, ள, ழ மாறி விழும். ர, ற குழம்பும். அதைத் திருத்தும் வேலையைத் தாராவிப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் கட்டடத்துப் பையன் சொல்ல, மாநகராட்சிப் பள்ளி மாணவி பக்கத்தில் உட்கார்ந்து, "இது சின்ன 'ர' இல்லடா, பெரிய 'ற'" என்று திருத்தினாள். பத்து ஞாயிறு வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்ததைவிட அன்று ஒரே நாளில் அவன் அதிகம் கற்றுக்கொண்டான்.

படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இன்னொரு வழி. எழுதியவர் தன் குரலிலேயே படித்துப் பதிவு செய்து, அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் ஒரு கியூ.ஆர். கட்டம் அச்சிட்டுவிடுவது. கடைகளில் பணம் கட்ட நாம் ஸ்கேன் செய்யும் அதே கட்டம்தான். போனில் கேட்டுக்கொண்டே விரலை வரி மேல் ஓட்டலாம். பேத்தி இப்படித்தான் இரண்டாவது இதழை முழுவதும் படித்தாள்.

செலவுக்கும் பயப்பட வேண்டாம். ஏ-4 தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். இரண்டு புறமும் அச்சிட்ட நாலு தாள், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின், 16 பக்க மலர் தயார். பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இனி, என் நண்பர் ஒருவர் எழுப்பிய ஆட்சேபனைக்கு வருகிறேன். "பிள்ளைகளுக்குப் பிடித்ததை மட்டும் போட்டால் சினிமாவும் ஜோக்கும்தான் மிஞ்சும். கொச்சைத் தமிழ் அச்சேறும். பிறகு மலர் எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டாவது இதழில் அதிகம் பேர் கடைசி வரை படித்தது கிரிக்கெட் புதிரைத்தான். மிகக் குறைவான பேர் படித்தது தாராவிச் சிறுமி ஒருத்தி எழுதியதை. விடியுமுன் வீட்டில் இட்லி அவித்து, அப்பா அதைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு விற்கப் போவதைப் பற்றி எழுதியிருந்தாள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவளுக்கு அடுத்த இதழில் இடம் கிடையாது.

ஆனால் மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்களைப் பாருங்கள். கிரிக்கெட் புதிரை எழுதியவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இட்லிக் கட்டுரைக்கு, எங்கள் கட்டடத்துப் பிள்ளை ஒன்று, "மாவு எத்தனை மணிக்கு ஆட்டுவீர்கள்? நீ எப்போது தூங்குவாய்?" என்று கேட்டிருந்தது. காலையில் தன் வீட்டு வாசலுக்கு வரும் இட்லி யார் வீட்டில் அவிந்தது என்று அந்தப் பிள்ளை யோசித்தது அன்றுதான். அடுத்த இதழில் அவளே அதற்குப் பதில் எழுதினாள். அதைப் படிக்காத பிள்ளை இல்லை.

ஆகவே, என் தாழ்மையான கருத்து இது. எங்கே குலுங்குகிறது என்று பயணியைக் கேட்க வேண்டும். ஆனால் லைனை எந்த ஊருக்குப் போடுவது என்பதை ஓட்டெடுத்து முடிவு செய்ய முடியாது. அதை ஆசிரியர் குழு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தக் குழுவில் இருக்க வேண்டியவர்கள் பிள்ளைகள். கொச்சைத் தமிழைப் பற்றியும் அப்படித்தான். பேசுவதுபோல எழுதட்டும், எழுத்துப்பிழையை எழுதியவரே திருத்தட்டும். 'அன்னையார் கடிந்துரைத்தார்' பக்கம் மட்டும் நாம் போக வேண்டாம். அந்தச் சிறுமி அதன் பிறகு எங்களிடம் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இப்போது கேட்டால் கம்ப்யூட்டரே கட்டுரை எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஒரு பையன் தந்த கட்டுரையில் தமிழ் பிரமாதமாக இருந்தது. அதில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டேன், தெரியவில்லை. பிள்ளைகளே கூடி விதி செய்தார்கள்: எழுத்துப்பிழை பார்க்க எந்திரத்தைக் கேட்கலாம், கதையை அதனிடம் கேட்கக் கூடாது. மற்றொன்று, படிவத்தில் பிள்ளைகளின் போன் நம்பர், வீட்டு முகவரி எதுவும் வாங்காதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-ல் மத்திய அரசு சட்டமே இயற்றியிருக்கிறது. மலரில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் போட்டால் போதும். அதையும் பெற்றோரிடம் கேட்டே போடுங்கள்.

மும்பைத் தமிழர்களில் என் தலைமுறை ஊரிலிருந்து தமிழைக் கையோடு கொண்டு வந்தது. எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசிக் காப்பாற்றினார்கள். பேரப் பிள்ளைகளிடம் எழுத்து போய்ச் சேருமா என்பதுதான் இப்போது கேள்வி. மேடையில் நாம் பேசுவதால் அது போய்ச் சேராது. தான் எழுதியதை இன்னொரு பிள்ளை படித்துவிட்டுக் கேள்வி கேட்டால் ஒருவேளை சேரலாம். எனவே நம் சங்க இதழில் இதழுக்கு நாலு பக்கம் பிள்ளைகளுக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த நாலு பக்கத்துக்குள் பெரியவர்கள் யாரும், நான் உட்பட, பேனாவோடு நுழையக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

இந்தக் கட்டுரையையும் முதலில் பேத்தியிடம்தான் கொடுத்தேன், பென்சிலோடு. பிரான்சு தேசத்து ஆசிரியர் வரும் இடத்தில் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பத்தியைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். நீங்கள் எந்த வரியில் நிறுத்தினீர்கள் என்று ஒரு கடிதம் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.