கொத்தைத் தட்டினால் அரிசி தாழ்வதேன்?

வீட்டிலுள்ள கொத்திலே அரிசியை நிரப்பி, மேலே மட்டமாக வழித்த பின், அதனை நிலத்தில் இரண்டு முறை தட்டிப் பாருங்கள். அரிசி சற்றுத் தாழ்ந்துவிடும். ஒரு மணியேனும் குறையவில்லை. குறைந்தது மணிகளுக்கிடையே இருந்த வெற்றிடமேயாம். கொத்தால் அளந்து விற்ற நாளிலே, தட்டி அளப்பதா தட்டாமல் அளப்பதா என்று வாதிட்டவர்கள் வீணாக வாதிடவில்லை!

தட்டி இறுக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. சிறுவர் விளையாடும் போளைகளை ஒரு பெரிய போத்தலிற் கொட்டிக் குலுக்கினால், அவை இடத்தில் நூற்றுக்கு 64 பங்களவே நிரப்பும். அதன்பின் ஒன்றையொன்று தாங்கிப் பூட்டிக்கொள்ளும், எளிதில் இறங்கமாட்டா. சந்தையில் தோடம்பழம் அடுக்குவதுபோல் ஒழுங்காக அடுக்கினாலோ 74 பங்கு நிரம்பும். இதனினும் நெருக்கமாக அடுக்க இயலாதென ஜேர்மானிய அறிஞர் கெப்ளர் 1611 இற் கூறினார். அமெரிக்கக் கணித அறிஞர் தோமஸ் ஹேல்ஸ் அதற்கு நிறுவல் கண்டது 1998 இலேதான். பழக்கடைக்காரர் கைப்பழக்கத்தால் அறிந்ததற்கு இத்தனை காலம்!

இனி, கடற்கரைக்குச் செல்வோம். அலை வடிந்த ஈரமணலில் காலை ஊன்றினால், காலைச் சுற்றி மணல் திடீரென உலர்ந்தாற்போல் வெளுப்பதைக் கண்டிருப்பீர்கள். நெருங்கிக் கிடந்த மணிகள், அமுக்கப்பட்டதும் ஒன்றன்மேலொன்று ஏறி நகர வேண்டியிருப்பதால், இடைவெளிகள் பெருகுகின்றன. மேலிருந்த நீர் அவற்றினுள் இறங்கிவிடுகின்றது. இதனை விளக்கியவர் ஒஸ்போண் றெயினோல்ட்ஸ் என்னும் பேராசிரியர், ஆண்டு 1885.

தளர்ந்து கிடக்கும் ஈரமணலின் இயல்போ இதற்கு நேர்மாறானது. அதிர்ந்தால் அது, தட்டிய கொத்தின் அரிசிபோல, நெருங்கவே முயலும். ஆனால் இடையிலுள்ள நீர் விரைந்து வெளியேற வழியில்லை. ஆகவே மேலுள்ள பாரத்தை மணிகள் தாங்காது நீரே தாங்க நேரிடுகின்றது, மணிகளின் பிடி விடுபடுகின்றது, நிலம் கூழாகின்றது.

1964 ஆனி 16 ஆம் நாள் யப்பானிலுள்ள நீகாற்றா நகரில் நிலம் நடுங்கியபோது நிகழ்ந்தது இதுவே. சினானோ ஆற்றங்கரையில், பழைய ஆற்றுமணல்மீது கட்டப்பட்ட நான்கு மாடிக் குடியிருப்புகள், சுவர் பெரிதும் உடையாமலே பக்கவாட்டிற் சாய்ந்தன. ஒன்று ஏறத்தாழப் படுத்தேவிட்டது! கட்டடத்திற் குறையில்லை, அதனைத் தாங்கிய மணலே கைவிட்டது.

அதே நகரில், அத்திவாரம் இடுமுன் மணலை அதிர்வித்து இறுக்கியிருந்த இடங்களில் இருந்தவை பெரும்பாலும் நிலைத்து நின்றன.