ஆரத்தித் தட்டில் பேய் ரத்தம்

அக்டோபர் 31 வந்தா எங்க புனே அபார்ட்மெண்ட்ல ஹாலோவீன். "இது நம்ம பண்டிகையா?"ன்னு முணுமுணுக்கிற கோஷ்டியில நானும் ஒருத்தன்.

போன வருஷம் பொண்ணு பேய் ரத்தம் செய்யணும்னு அடம். மஞ்சள் தண்ணியில கொஞ்சம் சுண்ணாம்பு கலந்தேன். குப்புன்னு சிவந்துச்சு. "ஏம்ப்பா?"ன்னா. பி.காம். முழிச்சுது!

நாற்பது வருஷமா ஆரத்தி பார்க்கிறவன், ஒருநாளும் கேட்டதில்லை. சேர்ந்து தேடினோம்: மஞ்சள்ல இருக்கிற குர்குமின், சுண்ணாம்போட காரத்தன்மையில சிவக்குது. எலுமிச்சை பிழிஞ்சா மறுபடி மஞ்சள்!

(சுண்ணாம்பு கண்ணுல பட்டா ஆபத்து. பிள்ளைங்க கையில சோப்புத்தண்ணி கொடுங்க, அதுலயும் சிவக்கும்.)

பண்டிகை யாருதா இருந்தா என்னங்க? ஆரத்தியைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற நாம, அந்த "ஏன்"னையும் சேர்த்தே கொடுப்போம்.